கழிப்பறை கட்டியாச்சு... அடியில் என்ன இருக்கு?

பண்ணைப்புரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? இளையராஜா பிறந்த ஊர். தேனி மாவட்டம், உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஒரு பேரூராட்சி. அந்தப் பக்கம் போகிறவர்கள், "ராஜா சார் வீடு எங்கே இருக்கு?" என்று விசாரிக்காமல் திரும்புவதில்லை.

ஆனால், 2022 செப்டம்பரில் அந்த ஊரின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது பாட்டுக்காக இல்லை. அங்கே ஒரு பொதுக் கழிப்பறையின் கழிவுநீர்த் தொட்டி மேல் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு சிறுமிகள், மேல்மூடி உடைந்து உள்ளே விழுந்து இறந்துபோனார்கள். இரண்டு பேருமே பள்ளிக்கூடம் போகிற வயசுக் குழந்தைகள்.

படித்த நமக்கே நெஞ்சு பதறியது. பெற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

யார் குற்றம், எவர் பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று அதில் இருக்கிறது. "கழிப்பறை இல்லை" என்பதுதான் நம் நாட்டின் பிரச்னை என்று நாம் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். பண்ணைப்புரத்தில் கழிப்பறை இருந்தது. உயிரைக் குடித்தது அதற்கு அடியில் இருந்த தொட்டி. கட்டடம் நம் கண்ணுக்குத் தெரியும். தொட்டி தெரியாது. திறப்பு விழாவும் கல்வெட்டும் கட்டடத்துக்குத்தான். தொட்டியின் மூடியை ஆண்டுக்கு ஒரு தடவை தட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. அதற்கென்று ஒரு ரூபாய் ஒதுக்கவும் தோன்றுவதில்லை.

"ஊர்க் கழிப்பறைக்கும் எங்க வீட்டுக்கும் என்னங்க சம்பந்தம்? எங்க வீட்ல எல்லாம் சுத்தமா இருக்கு" என்கிறீர்களா? வாருங்கள், முதலில் உங்கள் வீட்டுக்கு அடியில் இருந்தே ஆரம்பிப்போம்.

'எங்க டேங்க் ரொம்பவே ரொம்பாது!'

வீடு கட்டி பதினைந்து வருஷம் ஆனவர்கள் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். "எங்க செப்டிக் டேங்கை இதுவரைக்கும் ஒரு தடவைகூட எடுத்ததே இல்லை. கொத்தனார் அவ்வளவு நல்லா கட்டியிருக்கார்!"

உண்மையில் இது பெருமைப்பட வேண்டிய விஷயமில்லை. கவலைப்பட வேண்டிய விஷயம்.

முறையாகக் கட்டிய செப்டிக் டேங்க் என்பது நாலு பக்கமும், அடியும் பூசப்பட்டு, தண்ணீர் கசியாத தொட்டி. உள்ளே குறைந்தது இரண்டு அறைகள் இருக்கும். கழிவு முதல் அறைக்கு வந்ததும், கனமானது அடியில் படியும். இதுதான் கசடு. எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி லேசானது மேலே ஏடாக மிதக்கும். நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் அடுத்த அறைக்குப் போய், அங்கிருந்து வெளியேறி, உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணில் இறங்க வேண்டும். அடியில் படிந்த கசடைக் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செரிக்கின்றன. ஆனால் முழுசாகச் செரிப்பதில்லை. வருஷா வருஷம் கசடு ஏறிக்கொண்டேதான் இருக்கும். இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை லாரி வைத்து எடுத்தே ஆக வேண்டும்.

அப்படியானால், பதினைந்து வருஷமாக ரொம்பாத தொட்டி எது? அடியில் பூசாத தொட்டி. அல்லது சுவரில் ஓட்டை விட்டுக் கட்டிய தொட்டி. அல்லது கசடு நிரம்பி, வருகிற கழிவு அப்படியே தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கிற தொட்டி. அது உங்களுக்குத்தான் ரொம்பவில்லை. பக்கத்து வீட்டுக் கிணற்றிலும், தெருமுனைக் கால்வாயிலும் ரொம்பிக்கொண்டிருக்கிறது!

இன்னொன்றையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். செப்டிக் டேங்க் கழிவைப் பிரிக்கும், சுத்தம் செய்யாது. அதிலிருந்து வெளியே வருகிற தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும், டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு ஆகியவற்றை உண்டாக்கும் கிருமிகள் அதில் இருக்கும். அதனால்தான் அதை நேராகத் தெருச் சாக்கடையில் விடக் கூடாது. உறிஞ்சு குழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி தள்ளி இருக்க வேண்டும். மூணு சென்ட் மனையில் இது சாத்தியமா? இல்லை. ஒரு வீட்டால் தனியாகத் தீர்க்க முடியாத பிரச்னை இது என்பதற்கு முதல் அடையாளம் இங்கேயே தெரிகிறது.

குழாய்த் தண்ணீருக்குள் எப்படி வருகிறது?

இனி குழாய்க்கு வருவோம். பெரும்பாலான ஊர்களில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. காலையில் ஒரு மணி நேரம், அல்லது இரண்டு நாளைக்கு ஒரு தடவை. வராத நேரத்தில் குழாய் சும்மாதானே கிடக்கிறது என்று நினைப்போம். அது சும்மா கிடக்காது.

தண்ணீர் வேகமாக ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். இணைப்பில் சின்னக் கசிவு இருந்தாலும், தண்ணீர் வெளியேதான் போகும். வெளி அழுக்கு உள்ளே வராது. தண்ணீர் நின்றதும் அழுத்தம் போய்விடுகிறது. அப்போது குழாயைச் சுற்றி ஈரமண்ணில் இருக்கும் அழுக்கு, அதே கசிவு வழியாக உள்ளே நுழைகிறது. நம் தெருக்களில் குடிநீர்க் குழாய் எங்கே போகிறது? பாதி இடங்களில் சாக்கடையை ஒட்டி. சில இடங்களில் சாக்கடைக்கு உள்ளேயே! அந்தச் சாக்கடையில் ஓடுவது எது? மேலே பார்த்தோமே, அந்த 'ரொம்பாத' தொட்டிகளின் தண்ணீர்.

இதில் நாமும் ஒரு கை கொடுக்கிறோம். "தண்ணி சொட்டுச் சொட்டா வருது" என்று மோட்டாரைக் குழாயில் நேரடியாகப் பூட்டி உறிஞ்சுகிறோம் இல்லையா? மோட்டார் தண்ணீரை மட்டும் இழுப்பதில்லை. கசிவு வழியாக அழுக்கையும் சேர்த்து இழுக்கிறது. நம் வீட்டுக்கு மட்டும் இல்லை, அந்தத் தெருவுக்கே.

இதற்கு ஊர் அளவில் இருக்கிற காவல்காரன் குளோரின். மேல்நிலைத் தொட்டியில் சரியான அளவு குளோரின் கலந்தால், கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். அந்த மிச்சம்தான் வழியில் நுழைகிற கிருமியைக் கொல்லும். "தண்ணியில பிளீச்சிங் பவுடர் வாடை வருது" என்று முகம் சுளிக்கிறோம். லேசான வாடை நல்ல அறிகுறி. வாடையே வராத தண்ணீரைத்தான் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

நாட்டுக் கணக்கு என்ன சொல்கிறது?

உங்கள் வீடு, உங்கள் தெரு பார்த்தாயிற்று. நாட்டையே ஒரு பெரிய வீடாக நினைத்துக் கணக்கைப் பார்ப்போம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் 47 வீடுகளில்தான் கழிப்பறை இருந்தது. அதே கணக்கெடுப்பில், போன் வைத்திருந்த வீடுகள் நூற்றுக்குச் சுமார் 63. கழிப்பறையைவிட போன் அதிகம்! 2014 அக்டோபர் 2-ஆம் தேதி தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கியது. கிராமப்புறத்தில் தகுதியுள்ள வீட்டுக்கு 12,000 ரூபாய் மானியம் கிடைத்தது. ஐந்து வருஷத்தில் கிராமங்களில் மட்டும் பத்துக் கோடிக்கு மேல் கழிப்பறைகள் கட்டப்பட்டதாக அரசு அறிவித்தது. இது சின்னச் சாதனை இல்லை. இருட்டுகிற வரை அடக்கிக்கொண்டு காத்திருந்த லட்சக்கணக்கான பெண்களுக்கு அது விடுதலை.

ஆனால், 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, நூற்றுக்கு 19 குடும்பங்கள் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்தவில்லை என்று சொன்னது. முந்தைய கணக்கெடுப்பில் இது 39. பாதியாகக் குறைந்தது உண்மை. இன்னும் இருக்கிறது என்பதும் உண்மை.

தண்ணீர்? 2019 ஆகஸ்ட் 15-ஆம் தேதி ஜல் ஜீவன் இயக்கம் அறிவிக்கப்பட்டபோது, கிராமப்புறத்தில் 3.23 கோடி வீடுகளுக்கு மட்டுமே குழாய் இணைப்பு இருந்தது. 2025-க்குள் அது 15 கோடியைத் தாண்டியது. கிராமப்புறத்தில் ஐந்தில் நான்கு வீடுகள் என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் 2024-இல் முடிய வேண்டிய இந்த இயக்கத்தை, 2025 மத்திய பட்ஜெட் 2028 வரை நீட்டித்தது. அப்போது வலியுறுத்தப்பட்டது என்ன தெரியுமா? கட்டமைப்பின் தரமும், பராமரிப்பும்! குழாய் போட்டாயிற்று, இனிமேல் அதில் தண்ணீர் ஒழுங்காக வர வேண்டும் என்ற கவலை.

இந்தக் கணக்குகளை வைத்துப் பார்த்தால், இடைவெளி ஒன்றில்லை, மூன்று என்று புரியும்.

முதல் இடைவெளி: குழாயும் கழிப்பறையும் இல்லாத வீடுகள். இது வேகமாகக் குறைந்துவருகிறது.

இரண்டாவது: இருந்தும் வேலை செய்யாதவை. தண்ணீர் வராத குழாய். கதவு உடைந்த, தண்ணீர் இல்லாத கழிப்பறை. விறகு போட்டு வைத்திருக்கும் கழிப்பறை.

மூன்றாவது: வேலை செய்தும் பாதுகாப்பில்லாதவை. குளோரின் இல்லாத தண்ணீர். மூடி இற்றுப்போன தொட்டி. கசடை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போகிற லாரி.

மூன்றாவது இடைவெளிதான் கண்ணுக்குத் தெரியாதது. அதில்தான் குழந்தைகள் விழுகிறார்கள்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள தலைவலி இல்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2025-இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் 210 கோடிப் பேருக்குப் பாதுகாப்பாகப் பராமரிக்கப்படும் குடிநீர் இல்லை. 340 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான கழிவகற்றும் வசதி இல்லை. 'பாதுகாப்பான' என்ற சொல்லைக் கவனியுங்கள். கழிப்பறை இருந்தால் மட்டும் போதாது, கழிவு கடைசியில் எங்கே போகிறது என்றும் பார்த்துத்தான் இந்தக் கணக்கைப் போடுகிறார்கள்.

'அரசாங்கம் ஏன் செலவு செய்யணும்?'

"நாங்க வரி கட்றோம், ஆர்.ஓ. மெஷின் வாங்கியிருக்கோம், கேன் தண்ணி வாங்குறோம். அவங்கவங்க வீட்டை அவங்கவங்க பார்த்துக்கட்டுமே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதிலும் இருக்கிறது.

சட்டையை நீங்கள் வாங்கினால் உங்களுக்கு மட்டும் பயன். சாக்கடை அப்படியில்லை. தெருவில் இருபது வீட்டில் பத்தொன்பது வீடு ஒழுங்காக இருந்து, ஒரு வீட்டுக் கழிவு மட்டும் வெளியே போனால்கூட, அந்த ஈ இருபது வீட்டுச் சாப்பாட்டிலும்தான் உட்காரும். உங்கள் பிள்ளை வீட்டில் ஆர்.ஓ. தண்ணீர் குடிப்பான். பள்ளிக்கூடத்தில்? கடைத்தெருப் பானிபூரியில்? ஊர் முழுவதும் சரியாக இருந்தால்தான் ஒரு வீடு சரியாக இருக்க முடியும்.

இதற்கு லண்டன் நகரத்துக் கதை ஒன்று உண்டு. 1858 கோடையில் தேம்ஸ் நதி சாக்கடையாகி, நாற்றம் தாங்காமல் பார்லிமென்ட்டே தவித்தது. உடனே சட்டம் போட்டு, பொதுப் பணத்தைக் கொட்டி, ஜோசப் பசல்ஜெட் என்ற பொறியாளர் தலைமையில் நகரம் முழுக்கப் பாதாளச் சாக்கடை கட்ட ஆரம்பித்தார்கள். 1866-இல் மறுபடி காலரா வந்தது. எங்கே தெரியுமா? சாக்கடை இணைப்பு வேலை முடியாமல் இருந்த கிழக்கு லண்டனில்தான் அது ஆயிரக்கணக்கான உயிர்களை வாரிக்கொண்டு போனது. வேலை முடிந்த பகுதிகள் பெரும்பாலும் தப்பின. ஊருக்கு முக்கால் பங்கு செய்தால் மீதிக் கால் பங்கு மக்கள் சாவார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்கையே பாருங்கள். மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைப் பக்கம் திருப்பினார்கள். 1895-இல் அந்த அணை பயன்பாட்டுக்கு வந்தது. பென்னிகுக்கை இன்றைக்கும் அந்தப் பக்கத்து விவசாயிகள் கும்பிடுகிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள். எந்தத் தனி விவசாயியாவது அந்த அணையைக் கட்டியிருக்க முடியுமா? பொதுப் பணம் போட்டதால்தான் நடந்தது. வயலுக்குத் தண்ணீர் கொண்டுவர நூறு வருஷத்துக்கு முன்னாலேயே பொதுப் பணம் வந்துவிட்டது. வீட்டுக் கழிவைப் பத்திரமாகக் கொண்டுபோகத்தான் இன்னும் நாம் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

செலவு செய்யாமல் இருப்பதும் இலவசம் இல்லை. உலக வங்கியின் நீர், சுகாதாரப் பிரிவு செய்த ஆய்வின்படி, போதிய சுகாதார வசதி இல்லாததால் 2006-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவுக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 2.4 லட்சம் கோடி ரூபாய். அந்த வருஷத்து நாட்டு உற்பத்தியில் இது 6.4 சதவிகிதம். டாக்டர் செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்கள், இறந்துபோன குழந்தைகள், தண்ணீர் எடுக்கப் போன நேரம் எல்லாம் இதில் அடக்கம். அதாவது, நாம் காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். குழாய்க்குக் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிறோம்!

பைக் வாங்கினால் பெட்ரோல் யார் போடுவது?

மாப்பிள்ளைக்கு மோட்டார் பைக் வாங்கிக் கொடுத்துவிட்டு, "பெட்ரோல், டயர் எல்லாம் எனக்குத் தெரியாது" என்கிற மாமனாரை நினைத்துப் பாருங்கள். நம் ஊர்களின் தண்ணீர், சுகாதாரத் திட்டங்கள் பெரும்பாலும் இந்த மாதிரிதான். கட்டுவதற்கு மத்திய அரசு, மாநில அரசு பணம் வருகிறது. கட்டிய பிறகு மின்கட்டணம், பம்ப் ஆபரேட்டர் சம்பளம், குளோரின், மூடி மாற்றுவது, கசடு எடுப்பது எல்லாம் உள்ளாட்சியின் தலையில். சின்னப் பேரூராட்சிக்கு வரி வருமானம் எவ்வளவு வந்துவிடும்?

1992-இல் செய்த 73, 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் குடிநீரையும் சுகாதாரத்தையும் உள்ளாட்சிகளின் பொறுப்புப் பட்டியலில் சேர்த்தன. பொறுப்பு வந்தது, பணம் அதே வேகத்தில் வரவில்லை. இதைச் சரிசெய்யத்தான் 15-ஆவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவிகிதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவு செய்ய வேண்டும் என்று கட்டிவைத்தது. நல்ல ஏற்பாடு. ஆனால், அந்தப் பணம் மறுபடியும் புதுக் கட்டடத்துக்கே போகிறதா, பழைய மூடியை மாற்றவும் போகிறதா என்று பார்க்க வேண்டியது நாம்தான்.

முடியுமா? முடியும் என்று சில ஊர்கள் காட்டியிருக்கின்றன. பெங்களூருக்குப் பக்கத்தில் தேவனஹள்ளியில் 2015-இலேயே கசடுக்கென்று ஒரு சுத்திகரிப்பு நிலையம் வந்துவிட்டது. நம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழியும் பண்ணைப்புரம் மாதிரி ஒரு பேரூராட்சிதான். அங்கே 2017-இல் கசடு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கினார்கள். பெரிய மெஷின் எதுவும் இல்லை. லாரி கொண்டுவரும் கசடை மணல், ஜல்லி பரப்பிய படுகையில் விட்டுக் காயவைக்கிறார்கள். வடிகிற தண்ணீரைத் தனியாகச் சுத்தம் செய்கிறார்கள். பக்கத்து மதுராந்தகம் நகராட்சிக் கழிவும் அங்கே வருகிறது. ஒவ்வொரு ஊரிலும் பாதாளச் சாக்கடை தோண்டிக்கொண்டிருக்காமல், இரண்டு மூன்று ஊர்கள் சேர்ந்து ஒரு நிலையம் வைத்துக்கொள்ளலாம் என்ற பாடம் அதில் இருக்கிறது.

தண்ணீருக்கு உதாரணம் ஒடிசாவின் பூரி. 2021 ஜூலையில் அந்த ஊர் முழுவதற்கும் 24 மணி நேரமும், குழாயிலிருந்து அப்படியே பிடித்துக் குடிக்கத்தக்க தண்ணீர் தருவதாக அறிவித்தார்கள். நாள் முழுக்க அழுத்தம் இருந்தால் அழுக்கு உள்ளே நுழையாது என்று பார்த்தோம் இல்லையா, அதுதான் அடிப்படை.

உங்கள் ஊரில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

கிராம ஊராட்சியில் இருந்தால் கிராம சபையில் கேளுங்கள். பேரூராட்சி, நகராட்சியில் இருந்தால் உங்கள் வார்டு கவுன்சிலரிடமோ, செயல் அலுவலர் அல்லது ஆணையரிடமோ மனுவாகக் கொடுங்கள். ஒருத்தர் போனால் "பார்க்கலாம்மா" என்பார்கள். தெருவில் பத்துப் பேர் சேர்ந்து போனால் நாற்காலி போடுவார்கள்!

1. பொதுக் கழிப்பறை, பள்ளி, அங்கன்வாடித் தொட்டிகளின் மூடிகளைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள்?

2. நம் ஊர்க் கசடை எடுக்கிற லாரிக்கு உரிமம் இருக்கிறதா? அது எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது?

3. மேல்நிலைத் தொட்டியை எப்போது கழுவினீர்கள்? கடைசித் தெருக் குழாயில் குளோரின் அளவைப் பார்க்கிறீர்களா?

4. சாக்கடையை ஒட்டிப் போகும் குடிநீர்க் குழாய்கள் எவை? எப்போது மாற்றப் போகிறீர்கள்?

5. இந்த வருஷ பட்ஜெட்டில் புதிதாகக் கட்ட எவ்வளவு, இருப்பதைப் பராமரிக்க எவ்வளவு?

ஐந்தாவது கேள்விதான் முக்கியம். அதற்குச் சரியான பதில் வந்தால், மற்ற நாலுக்கும் பதில் தானாக வந்துவிடும்.

இது உங்கள் வீட்டுக்கு

(வெட்டி எடுத்துச் சமையலறையில் ஒட்டிக்கொள்ளுங்கள்)

* செப்டிக் டேங்க் மூடியைத் தட்டிப் பாருங்கள். விரிசல், இற்றுப்போன கம்பி, ஆட்டம் தெரிந்தால் உடனே மாற்றுங்கள். மூடி மேல் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். பைக், தண்ணீர் டிரம் எதையும் நிறுத்தாதீர்கள். பூத்தொட்டி வைத்து மூடியை மறைக்கவும் வேண்டாம். விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

* காற்றுக்குழாய் கூரைக்கு மேல் உயர்ந்து, அடைப்பில்லாமல் இருக்கட்டும்.

* இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை இயந்திரம் வைத்து எடுங்கள். ஆளை உள்ளே இறக்கவே கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பின்றி ஆளை இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்வது குற்றம். சொன்ன வீட்டுக்காரரும் தப்ப முடியாது.

* திறந்த தொட்டிக்குப் பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. உள்ளே எரியக்கூடிய வாயு இருக்கும். விஷவாயுவும் இருக்கும். அழுகிய முட்டை வாடை வரும் அந்த வாயு அதிகமானால், மூக்கு அந்த வாடையை உணர்வதையே நிறுத்திவிடும். அதனால், "வாடை வரலை, பரவாயில்லை" என்று நம்பாதீர்கள்.

* யாராவது தவறி விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து இறந்த சம்பவங்கள் எத்தனையோ. கயிறோ கம்போ வெளியில் நின்றபடியே நீட்டுங்கள். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108.

* குடிநீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடியுங்கள். லேசாகச் சூடானால் போதாது. தளதளவென்று கொதிக்க வேண்டும். பாத்திரத்தை மூடி வையுங்கள். கையை விட்டு மொள்ளாமல், பிடி வைத்த அகப்பையால் எடுங்கள்.

* குழாயில் நேரடியாக மோட்டார் போடாதீர்கள். கீழ்நிலைத் தொட்டியில் தண்ணீரை இறக்கி, அங்கிருந்து ஏற்றுங்கள்.

* கிணறு இருந்தால், நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கில், ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம்.

* குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? ஓ.ஆர்.எஸ். ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் ஆறவைத்த தண்ணீரில் கரைத்து அடிக்கடி கொடுங்கள். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்குச் சமமாக வழித்த ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்லும் ஜிங்க் மருந்தை, பேதி நின்றுவிட்டாலும் 14 நாளும் கொடுங்கள். மலத்தில் ரத்தம், குழிந்த கண்கள், சிறுநீர் குறைவது, துவண்டு தூங்குவது, இவற்றில் எது தெரிந்தாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

கடைசியாக ஒரு வார்த்தை.

கழிப்பறையைப் பற்றிப் பேச நமக்குக் கூச்சம். விருந்தாளி வந்தால் வீட்டைச் சுற்றிக் காட்டுவோம். செப்டிக் டேங்கைக் காட்ட மாட்டோம். அந்தக் கூச்சம்தான் பட்ஜெட்டிலும் உட்கார்ந்திருக்கிறது. மேலே தெரிவதற்குக் காசு உண்டு. கீழே இருப்பதற்கு இல்லை.

இந்தப் பத்திரிகையை மடித்து வைத்ததும், கொல்லைப்புறம் போய் உங்கள் வீட்டுத் தொட்டி மூடியை ஒரு தடவை பாருங்கள். பிறகு, உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய் அங்கே இருக்கிற மூடியையும் பாருங்கள். பண்ணைப்புரத்தில் அந்த இரண்டு பிள்ளைகளும் விளையாடத்தான் போனார்கள். நம் பிள்ளைகளும் நாளைக்கு விளையாடத்தான் போவார்கள்.